மாதிரிக் கட்டிலில் படுத்த மான்

ஒரு காட்டில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே டாக்டரும் உண்டு, மருந்தும் உண்டு, நோயாளிகளும் உண்டு. இந்த மூன்றும் ஒரே நாளில் ஒன்றையொன்று சந்திப்பதுதான் அபூர்வம்.

அங்கே செங்கமலம் என்ற கீரி நர்ஸாக இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் பேசி முடித்துவிடுவார்கள் என்பதால் அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று. ஆனால் நோயாளியின் காதைத் தொட்டாலே எத்தனை நாள் ஜுரம் என்று சொல்லிவிடுவாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஏழு காடுகளின் சுகாதாரப் பேரவை கூடி, செப்சிஸை ஒழிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. ஒரு சின்னக் காயத்தில் நுழைந்த கிருமி, உடம்பையே உடம்புக்கு எதிரியாக்கி, ஓரிரு நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும் வியாதி அது. பேரவை இரண்டு விதிகள் வகுத்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் கை கழுவ வேண்டும். செப்சிஸ் என்று சந்தேகம் வந்தால், சந்தேகம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுக்க வேண்டும்.

நல்ல விதிகள்தான். தலைமை டாக்டரான கரடி அவற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கும்வரை அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் விதிக்காகப் புதிதாக ஒரு தொட்டி கட்டினார்கள். பேரவையின் பிரதிநிதிதான் அதைத் திறந்துவைக்க வேண்டும் என்பதால் குழாயைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். புதுசு வந்துவிட்டதே என்று பழைய தொட்டியை இடித்தார்கள். ஆக, மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் ஒருவரும் கை கழுவவில்லை.

இரண்டாவது விதியைக் கரடி இரண்டு முறை படித்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்.

"மணிக்கணக்கு எப்ப ஆரம்பிக்குது? நோய் வந்தப்பவா? கிடையாது. சந்தேகம் வந்தப்ப. அதனால மருந்து கைக்கு வர்ற வரைக்கும் இங்க யாரும் சந்தேகப்படக் கூடாது."

அன்றிலிருந்து ஊசியில் மருந்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகே சந்தேகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சந்தேகத்துக்கும் மருந்துக்கும் நடுவே சராசரியாக நான்கு நிமிஷம். ஏழு காடுகளிலும் அதுதான் முதலிடம். சந்தேகம் வருவதற்கு முன்பே செத்துப்போனவர்களை யாரும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சாதனையை நேரில் பார்க்கப் பேரவையின் பிரதிநிதி பூநாரை அம்மையார் வருவதாகக் கடிதம் வந்தது. சிகிச்சையைச் செய்து காட்ட வேண்டுமாம். கரடி யோசித்தார். நிஜ நோயாளியை நம்ப முடியாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்துவைக்கும். எனவே காட்டு நாடகக் குழுவில் ராஜா வேஷம் போடும் குரங்கு வீரபாகுவை மாதிரி நோயாளியாக நியமித்தார். முன் வராந்தாவில் வெள்ளை விரிப்போடு ஒரு மாதிரிக் கட்டில் போடப்பட்டது.

பிரதிநிதி வரும் நாளன்று காலை எட்டு மணிக்கு, தாண்டவன் என்ற கலைமான் தன் மனைவி பூரணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தது. மூன்று நாளுக்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில்தான் பூரணி குட்டி போட்டிருந்தாள். அந்தக் குட்டியும் பின்னாலேயே வந்தது.

"நேத்திலேருந்து குளுருல நடுங்குறா, சிஸ்டர். குட்டி கத்துனாக்கூட திரும்பிப் பாக்க மாட்டேங்குறா."

செங்கமலம் காதைத் தொட்டாள். கொதித்தது. குளம்பைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. மூச்சு ஓடிவந்தவள் மூச்சு போல இரைத்தது.

"உன் பேரென்னம்மா?"

"ஆத்தங்கரை" என்றாள் பூரணி. தன் பெயரே அவளுக்கு நினைவில் இல்லை.

செங்கமலம் கரடியிடம் ஓடினாள். கரடி வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"டாக்டர், பிரசவம் ஆன அந்த மானுக்கு செப்..."

கரடி கையை உயர்த்தினார். "முடிக்காத. மருந்து கையில இருக்கா?"

"இல்ல."

"அப்ப உனக்கு என்ன தெரியுது?"

செங்கமலம் தரையைப் பார்த்தாள். "ஜுரம்."

"ஜுரம். கஷாயம் கொடு."

மருந்தறையில் முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. "இருக்கு சிஸ்டர். ஆறு குப்பி. எல்லாம் வீரபாகுவுக்கு."

"அவருக்கு ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லாதவருக்குக் கொடுத்தாத்தானே நிச்சயமாப் பிழைப்பாரு? திங்கக்கிழமை வண்டி வரும், பாத்துக்கலாம்."

அன்று வியாழக்கிழமை. பூரணி சாயங்காலம்வரை தாங்கமாட்டாள் என்று செங்கமலத்துக்குத் தெரிந்தது. தாண்டவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. செங்கமலம் நேராக முன் வராந்தாவுக்குப் போனாள்.

வீரபாகு கட்டிலில் உட்கார்ந்து உதட்டுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றாள் செங்கமலம். "நீங்க படுத்திருந்தா போட்டோவுல முகமே விழாதே. வாசல்ல நின்னு மாலை போட்டீங்கன்னா முன்னாடி நிக்கலாம்."

வீரபாகு பூச்சை நிறுத்தியது. "எனக்கும் இந்த வேஷம் பிடிக்கலதான். ஒரு வசனம்கூடக் கிடையாது. ஆனா வேற யாரு போடுவா? சும்மா இல்ல, நல்லா மூச்சு வாங்கத் தெரியணும்."

"தெரிஞ்ச ஆள் இருக்கு."

வீரபாகு வாசலுக்குப் போனது. செங்கமலமும் தாண்டவனுமாகப் பூரணியைத் தூக்கி வந்து மாதிரிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

பத்து மணிக்குப் பூநாரை அம்மையார் வந்தார். மாலை விழுந்தது, போட்டோ எடுத்தார்கள். ரிப்பனை வெட்டியதும் ஆஸ்பத்திரி மொத்தமும் வரிசையில் நின்று கை கழுவியது. செங்கமலம் இரண்டு தரம் கழுவினாள். பிறகு கரடி விருந்தாளியைக் கட்டிலருகே அழைத்து வந்தார். குரங்கு படுத்திருக்க வேண்டிய இடத்தில் மான் படுத்திருந்தது. திறந்த வாயைக் கரடியால் மூட முடியவில்லை. ஆனால் பேரவையின் எதிரே என்ன சொல்வது? முள்ளம்பன்றி ஏற்பாட்டின்படி மருந்துத் தட்டை நீட்டியது. செங்கமலம் ஊசியில் மருந்தை எடுத்துத் தயாராக நின்றாள்.

"சந்தேகம்" என்றார் கரடி ஈனக்குரலில். கையெழுத்துப் போட்டார். மூன்றாவது நிமிஷம் மருந்து உள்ளே போயிற்று.

பூநாரை அம்மையார் ஒற்றைக் காலில் நின்று நோயாளியை ரசித்தார். "அந்த நடுக்கமும் அந்த வெறித்த பார்வையும் அற்புதம். இவர் எங்கே பயிற்சி பெற்றவர்?"

"இங்கதான்" என்றார் கரடி. "இதே ஆஸ்பத்திரியில."

"அழகு. கணவராக நடிப்பவர்தான் அழுகையைக் கொஞ்சம் மிகையாகச் செய்கிறார்."

சிகிச்சையை முழுமையாகப் பார்க்காமல் அறிக்கை எழுதக் கூடாது என்று அம்மையார் மூன்று நாள் தங்கினார். அவர் பார்க்கப் பார்க்க ஆறு குப்பியும் வேளை தவறாமல் பூரணிக்குள் போயின. மூன்றாம் நாள் காலை குட்டி கத்தியது. பூரணி திரும்பி அதை நக்கினாள். அம்மையார் சிறகு தட்டினார்.

பேரவையின் அறிக்கை அடுத்த மாதம் வந்தது. எல்லா ஆஸ்பத்திரிகளிலும் மாதிரிக் கட்டில்கள் போட வேண்டும், தேர்ந்த நடிகர்களை நியமிக்க வேண்டும், மருந்து எப்போதும் அந்தக் கட்டில்களின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மற்ற வார்டுகளைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

கரடி செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"நீ செஞ்சது தப்பு."

"ஆமாம் டாக்டர்."

"சரி, இப்ப இத்தனை நடிகருக்கு நான் எங்க போறது?"

"நான் தேர்வு செஞ்சு தர்றேன்" என்றாள் செங்கமலம். அவள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்து அவர் கேட்டதில்லை. வேலை ஒன்று தலையிலிருந்து இறங்கியதே என்று உடனே ஒப்புக்கொண்டார்.

இப்போது 'நடிகர் தேர்வு' என்ற பலகைக்குக் கீழே அவள் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். காடு முழுவதும் அங்கேதான் வரிசையில் நிற்கிறது. வந்தவர்களின் காதைத் தொடுவாள், குளம்பையோ பாதத்தையோ தொடுவாள், பெயரைக் கேட்பாள். நேற்று ஒரு மரநாய் தும்மிக்கொண்டு வந்தது.

"நடிப்பு போதல. வீட்டுக்குப் போய் வெந்நீர் குடிங்க" என்று அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பின்னால் ஒரு காட்டுப்பன்றி நின்றது. காலில் பழைய முள் காயம், அதைச் சுற்றிக் கறுப்பு. பெயரைக் கேட்டாள். அது வேறு யாரோ பெயரைச் சொன்னது.

"நீங்க தேர்வாயிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, ஊசியை எடுத்த பிறகு படிவத்தை எடுத்தாள்.

நீதி: உடம்புக்கு முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். முடியாதது போல நடிக்கப் போங்கள். மருந்து அந்தக் கட்டிலுக்குத்தான் வருகிறது.