உலகம் சுற்றிய பால்மா டின்

நான் ஒரு பொய் சொல்லித்தான் கல்யாணம் கட்டினேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பார்கள். எனக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. ஆனால் அது உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்த பொய்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் பிட்டர். அதாவது, நின்றுபோன இயந்திரத்தை ஓடவைப்பவன். (ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தியதும் உண்டு. அதை விடுங்க.) இருபத்து நான்கு வயது, சட்டைப் பையில் பேனா, வாயில் விஞ்ஞானம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாராவது தும்மினால்கூட விளக்கம் சொல்லாமல் விடமாட்டேன். இன்றைக்கு அந்த ஆளைச் சந்தித்தால் நானே ஓங்கி ஒன்று வைப்பேன்.

ஒருநாள் பஜாரில் வாங்கிய கருவாட்டைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளில் அந்தச் செய்தி இருந்தது. மேற்கே ஏதோ ஒரு தீவில் வெள்ளைக்காரர்கள் பழைய போர்க்கப்பல் பீரங்கிகள் இரண்டை நீளவாக்கில் ஒட்டி, வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்களாம். நாளடைவில் அப்படியே பொருள்களைச் சுட்டு, பூமியைச் சுற்றவிடும் உத்தேசமாம். 'ஆனால்' என்ற சொல்லோடு தாள் கிழிந்திருந்தது. மீதிச் செய்தி வேறு யாருடைய கருவாட்டோடோ போய்விட்டது. எனக்கு அந்தப் பாதியே தாராளம்.

அப்போது எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் பாக்கியம், சடையன் கங்காணியின் மகள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. நானும் அவளும் ஒரு வருடமாக அந்தக் காம்பராவுக்குப் பின்னால் நின்று பேசிவந்தோம். கங்காணிக்கு இது தெரியாது. அவராகவே என்னைப் பார்த்து, அவராகவே விசாரித்து, அவராகவே முடிவு செய்திருந்தார். "ரெண்டும் ஒருத்தர ஒருத்தர் ஏறெடுத்துப் பாத்ததில்ல" என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெருமையடிப்பார். மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள் பரிசம் போடுவதாக ஏற்பாடு.

"அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருங்க, அது போதும்" என்றாள் பாக்கியம். என்னால் முடியாத ஒரே காரியத்தைச் சொன்னாள்.

தேர் புறப்படும் முன் வேட்டுப் போடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். வேட்டுக்குழாய் கங்காணியின் பொறுப்பு. திருவிழாவுக்கு முதல்நாள் கோயிலில் கூட்டம் போட்டபோது நான் எழுந்தேன். தொழிற்சாலைக்குப் பின்னால் கிடக்கும் பழைய தண்ணீர்க் குழாய் இரண்டை ஒட்டித் தருகிறேன், வேட்டோடு ஒரு டின்னையும் வைத்துச் சுடுவோம், அம்மன் விபூதி உலகத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றேன்.

கங்காணி யோசித்தார். "ஏன் தம்பி, ஒலகம் உருண்டதானே?"

"ஆமாங்க மாமா."

"முன்னால சுட்டா சுத்திக்கிட்டு வரும்?"

"வரும்ங்க."

"அப்ப சுட்டவன் பின்மண்டையிலதானே வந்து அடிக்கும்?"

கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் அதிகமாகச் சிரித்தேன். "மாமா, அதெல்லாம் விஞ்ஞானம். ஒங்களுக்கு வெளங்காது."

கங்காணி சிரிக்கவில்லை. "செய்ங்க. நாளைக்கி அதப் பாத்துட்டு, பரிசத்தப் பத்திப் பேசுவோம்" என்றார்.

மறுநாள் பிற்பகல் குழாயைக் கோயில் முற்றத்தில் நட்டு, எதிர் மலையைப் பார்த்துச் சாய்த்தோம். டின் நான் கொண்டுபோனது, பால்மா டின். உள்ளே விபூதி, ஒரு எலுமிச்சம்பழம், யாருக்கும் தெரியாமல் நான் வைத்த ஒரு கடதாசி. 'உலகத்தோரே! முத்தையாவும் பாக்கியமும் ஓராண்டாக மனத்தால் ஒன்றானவர்கள். இவர்கள் பெயர் என்றென்றும் சுற்றி வருக!' திரும்பி வராத டின்னில் எதை எழுதினால் என்ன என்ற தைரியம்தான்.

எல்லாரும் எதிர் மலையைப் பார்த்து நின்றார்கள். கங்காணி மட்டும் குழாய்க்கு முதுகைக் காட்டி, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்த லயத்தைப் பார்த்து நின்றார்.

வேட்டு அதிர்ந்தது. முதல்நாள் மழையில் ஊறிய மண், குழாயை நேராக நிமிர்த்திவிட்டது. டின் நெட்டுக்குத்தாகப் பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தது.

"போயிருச்சு! இந்நேரம் இந்தியாவத் தாண்டியிருக்கும்!" என்று நான் கத்தி முடிக்கவில்லை. பின்னால் ஒரு தகரக் கூரை டமார் என்றது.

"வந்துருச்சு! சுத்திக்கிட்டு வந்துருச்சு!" கங்காணி குடையோடு குதித்தார். ஓட்டை விழுந்தது அவருடைய காம்பராக் கூரைதான். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

உள்ளிருந்து பாக்கியம் வந்தாள். பரிசத்துக்கு அதிரசம் சுட வைத்திருந்த அரிசி மா முழுவதும் அவள் தலையில் இருந்தது. கையில் இடுக்கி, இடுக்கியில் நசுங்கிய டின். "இது யாரோடதுங்க?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

கங்காணி டின்னைத் திறந்தார். "எழுத்து இருக்கே! வர்ற வழியில எந்த நாட்டுக்காரன் எழுதிப் போட்டானோ?" அவருக்கு எழுத்து வாசனை இல்லை. கடதாசி தோட்டப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்து வாத்தியார் கைக்குப் போனது. அவர் வகுப்பில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார். தப்படித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"என்னா வாத்தியாரே?"

"மணத்தால் ஒன்றானவர்கள் எண்டு கிடக்கு. மூண்டு சுழி. மணம் எண்டால் கலியாணம். இவையள் முடிச்சு ஒரு வருசமாம்."

எனக்கு உயிர் போய்விட்டது. மனம் என்று எழுதவேண்டிய இடத்தில், அவசரத்தில் ஒரு சுழி கூடியிருந்தது.

"ரெண்டு சுழிங்க மாமா! சத்தியமா ரெண்டு சுழிதான்!" என்று அலறினேன்.

நான் எழுத்தைச் சொன்னேன். தலையில் இரட்டைச் சுழி இருப்பவனுக்கு இரண்டு பெண்டாட்டி என்பது எங்கள் தோட்டத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

"ரெண்டு சுழியா? எம்பொண்ணுக்கு மேல இன்னொருத்தியாடா?" கங்காணி என் பிடரியைப் பிடித்துக் குனியவைத்து, தோட்டமே பார்க்க, என் மயிரைப் பிரித்துத் தேடினார். பெண்கள் நாலைந்து பேர் கூடவே எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி பேன் இருப்பதாகச் சொன்னாள். (பொய்.)

"ஒண்ணுதான் இருக்கு" என்றார் கங்காணி கடைசியில்.

வாத்தியார் கடதாசியைத் திரும்பப் பார்த்தார். "மனத்தால் எண்டுதான் எழுத வெளிக்கிட்டிருக்கிறார். எழுத்துப் பிழை. கலியாணம் இல்லை, மனசு மட்டும்தான்."

"மனசா? ஒரு வருசமாவா?" கங்காணி மகளைப் பார்த்தார். மாவுக்குள் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை கலங்கியிருந்தன. விஞ்ஞானமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், இவள் கிடைத்தால் போதும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அத அப்புறம் பாத்துக்கிறேன்" என்று கங்காணி என் பக்கம் திரும்பினார். "மொதல்ல நீ எல்லார் முன்னாலயும் சொல்லு. டின்னு சுத்தி வந்துச்சா, இல்லையா?"

குழாய் நிமிர்ந்தது, காற்று பின்னால் தள்ளியது, வேறொன்றுமில்லை. இந்த விளக்கம் வாய்வரை வந்துவிட்டது. பாக்கியம் இடுக்கியை ஒருமுறை திறந்து மூடினாள்.

"சுத்தி வந்துச்சுங்க மாமா. ஒலகத்தையே சுத்தி வந்துச்சு."

"ஒரு வெத்தல மடிக்கிற நேரத்துல!" என்று கங்காணி ஊருக்கு அறிவித்தார். மறுநாள், வானம் தெரியும் கூரைக்குக் கீழே பரிசம் நடந்தது. பிறகு அவரே டின்னைத் தட்டி நிமிர்த்தி அந்த ஓட்டையின்மேல் ஆணி அடித்தார்.

பல வருடங்கள் கழித்து ஒரு பழைய சஞ்சிகையில் அந்த 'ஆனால்' எனக்குக் கிடைத்தது. பீரங்கி மட்டும் போதாதாம். அதைக்கொண்டு மட்டும் சுட்ட பொருள் உலகத்தைச் சுற்றி வந்தாலும் சுட்ட இடத்துக்கே வந்து சேருமாம். மேலே போனபின் இன்னொரு உந்தல் வேண்டுமாம். மூச்சிரைக்க மாமாவிடம் ஓடினேன்.

"அன்னைக்கி நீங்க சொன்னது சரிதாங்க மாமா!"

"அதத்தான் அன்னைக்கே ஒத்துக்கிட்டியே?"

"அன்னைக்கி அது பொய்யின்னு நெனச்சிக்கிட்டுத்தாங்க சொன்னேன்."

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொய் சொல்லியாடா எம்பொண்ணக் கட்டுன?" என்றவர், ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

மாமா இன்றில்லை. எங்கள் வீட்டில் யார் விஞ்ஞானம் பேசினாலும், கேட்பவர் பின்மண்டையைக் கையால் மூடிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நான் பேனாவை எடுத்தால் பாக்கியம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் இந்தக் கட்டுரையை எழுத்தெழுத்தாக வாசித்துச் சுழி எண்ணிய பிறகுதான் தபாலில் போட விட்டாள்.