நாற்பது கணினிகளும் ஒரு சிவப்பு ரிப்பனும்

கணினியைத் தொடாமலேயே கணினி கற்பிக்கலாம் என்று உலகத்துக்கு நிரூபித்த பெருமை, ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் எங்கள் நவதிசைப் பல்கலைக்கழகத்தையே சேரும். அதில் கணிசமான பங்கு அடியேன் சுகுமாறனுக்கும் உண்டு. முதலாண்டு மாணவர்களுக்குக் 'கணிமையின் அடிப்படைகள்' பாடத்தைப் பதினோரு வருடமாக நடத்திவருகிறேன். இத்தனை வருடத்தில் என் வகுப்பில் ஒரு கணினிகூடப் பழுதானதில்லை. வேறு எந்த விரிவுரையாளர் இப்படி மார்தட்ட முடியும்?

முதல் பத்து வருடம் எங்களிடம் கணினிக்கூடமே கிடையாது. போன வருடம்தான் வந்தது. நாற்பது புத்தம்புதுக் கணினிகள், கண்ணாடிக் கதவு, ஊட்டியைத் தோற்கடிக்கும் ஏர்கான். வாசலுக்குக் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன். 'டத்தோ' பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் வந்து அதை வெட்டிய பிறகுதான் யாரும் உள்ளே கால் வைக்கலாம் என்று எங்கள் துறைத்தலைவர் டாக்டர் கமலநாதன் 'கொள்கை முடிவு' எடுத்திருந்தார்.

டத்தோவுக்கு முதலில் இடைத்தேர்தல் வந்தது. பிறகு வெளிநாட்டுப் பயணம். பிறகு தைப்பூசம்; பத்துமலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலைத் திறக்க வேண்டியிருந்தது. அங்கேயும் ரிப்பன் இருந்ததாம்.

"பிள்ளைங்க சொந்த லேப்டாப் கொண்டு வரட்டுமே டாக்டர்?" என்று புத்தி கெட்டு ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"சிலபஸ்ல என்ன எழுதியிருக்கு சுகு? 'பல்கலைக்கழகக் கணினியில் பயிற்சி.' சொந்த லேப்டாப்புல கத்துக்கிட்டா அது நம்ம கல்வி ஆகாது லா."

அந்தத் தொலைநோக்கை மனதார வணங்கினேன். உடனே விசைப்பலகையின் படத்தை நாற்பது தாள்களில் அச்சடித்து, லேமினேட் செய்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு மாணவர்களுக்கு வழங்கினேன். மவுஸுக்குப் பதில் கரும்பலகை அழிப்பான். வகுப்பு அமைதியாக நடந்தது. நாற்பது பேரும் பிளாஸ்டிக் தாளில் விரலால் தட்டிக்கொண்டிருந்த அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஒருத்திக்கு மட்டும் சிலிர்க்கவில்லை. தாமரை. கிள்ளானிலிருந்து விடிவதற்குள் ரயிலேறி வரும் பெண். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் படிக்கிறாள். ஒரே ஒரு பாடத்தில் தவறினாலும் அது நின்றுவிடும். முதல் வகுப்பிலேயே தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"சார், ஆன் பண்ற சுவிட்ச் இதுல எங்க இருக்கு?"

கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் அனுபவசாலி.

"தேடும்மா. தேடறதுதான் கற்றல்" என்றேன். வகுப்பு குறிப்பெடுத்துக்கொண்டது.

பதினான்காவது வாரம் டத்தோவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை ஓய்வு கிடைத்தது. காலையில் திறப்பு விழா, மாலையில் அதே கூடத்தில் நாற்பது மதிப்பெண்ணுக்குச் செய்முறைத் தேர்வு என்று ஏற்பாடு. மாணவர்கள் வண்ணத்தாள் சுற்றிய புங்கா மங்கார் வரவேற்புக் குச்சிகளைப் பிடித்தபடி வாசலில் இரண்டு மணி நேரம் நின்றார்கள். டத்தோ வந்தார். ரிப்பனுக்கு முன்னால் ஒரு கண்ணாடி உருண்டை வைத்திருந்தோம். அவர் அதில் உள்ளங்கையை வைத்ததும் உள்ளேயிருக்கும் பெரிய திரை ஒளிர வேண்டும். பிறகு ரிப்பன் வெட்டு.

டத்தோ கையை வைத்தார். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி வைத்தார். இரண்டு கையையும் வைத்தார். விழாவுக்கு முன் யாரும் உள்ளே போகக்கூடாது என்பதால், எதற்காவது மின்சாரம் போகிறதா என்று யாருமே பார்த்திருக்கவில்லை. டாக்டர் கமலநாதன் என்னைப் பார்த்தார். நான் என் கோப்பைப் பார்த்தேன்.

அப்போதுதான் தாமரை தன் குச்சியைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு, குனிந்து ரிப்பனுக்கு அடியில் நுழைந்தாள். முன்வரிசை மேசைக்குக் கீழே தவழ்ந்தாள். இரண்டு வயர்களைப் பிடுங்கி மாற்றிச் செருகினாள். திரை பளிச்சென்று எரிந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. படக்காரர் 'கிளிக்' செய்தார். எல்லாம் தம் கைராசி என்று டத்தோ மைக்கில் சொன்னார்.

விருந்து நீண்டுவிட்டதால் மாலைத் தேர்வு நடக்கவில்லை. மாணவர்களுக்கு நஷ்டம் வரக்கூடாது என்ற கருணையில் எல்லோருக்கும் முப்பத்திரண்டு மதிப்பெண் போடச் சொன்னார் டாக்டர். தாமரைக்கு மட்டும் பூஜ்யம்; செய்முறையில் பூஜ்யம் என்றால் பாடத்திலேயே தோல்வி. தேர்வு நாளன்று தேர்வுக்கூடத்தில் அனுமதியின்றி நுழைந்தது குற்றம். கூடி விவாதித்த ஏழு பேரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டோம். என் கையெழுத்துதான் அதில் அழகானது.

மறுவாரம் அவள் என் அறைக்கு வந்தாள்.

"சார், நான்தானே ஆன் பண்ணேன்? நீங்க பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேம்மா."

"அப்புறம் எப்படி சார் பூஜ்யம்?"

"மதிப்பெண் தாள்ல 'கணினியை இயக்குதல்'னு ஒரு கட்டமே இல்லையேம்மா. 'விதிக்குக் கட்டுப்படுதல்'னுதான் இருக்கு."

"ஸ்காலர்ஷிப் போயிரும் சார். அப்பாகிட்ட நான் என்ன சொல்வேன்?"

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவள் போனபிறகு ஒரு கோப்பை கோப்பி குடித்தேன், சரியாகிவிட்டது.

உதவித்தொகை நின்றது; அவள் படிப்பை விட்டுப் போனாள். கூடத்தைப் புதிது கலையாமல் பாதுகாக்கப் பூட்டிவிட்டோம். டத்தோவின் படத்தைப் பெரிதாக்கித் தாழ்வாரத்தில் மாட்டினோம். அங்கேதான் வினை. பல்கலைக்கழகத்தை மதிப்பிடத் தரக்கட்டுப்பாட்டுக் குழு வருவதற்கு ஒரு வாரம் முன்பு டாக்டர் கமலநாதன் அந்தப் படத்தின் முன் நின்று அலறினார்.

"சுகு! இது என்ன?"

பார்த்தேன். டத்தோ, உருண்டை, ரிப்பன், ஒளிரும் திரை. திரைக்குக் கீழே, மேசைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள்.

"யாரு காலுன்னு கேட்டா என்ன சொல்றது? அழிச்சிருங்க லா. கம்ப்யூட்டர்ல அதெல்லாம் செய்யலாமாமே!"

துறையில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், ஐவர் முனைவர்கள். எப்படிச் செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அலுவலக மாதவி மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தாமரைப் பொண்ணு பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கடையில வேலை பார்க்குது சார். போன் ரிப்பேர், போட்டோ எல்லாம் செய்யுதாம்."

படத்தைப் பென்டிரைவில் போட்டு மாதவி கொடுக்க, எடுத்துக்கொண்டு போனேன். பூக்கடைக்கும் அப்பளக் கடைக்கும் நடுவே ஓர் ஒடுங்கிய கடை. தாமரை அடையாளம் கண்டு எழுந்து நின்றாள். மரியாதை தெரிந்த பெண். படத்தைத் திறந்தாள். அந்தப் பாதங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என் காலை நானே அழிக்கணுமா சார்?"

"குழு வருதும்மா. பல்கலைக்கழகத்தோட மானம்."

அவள் கணினியை அணைத்தாள். நாற்காலியை விட்டு நகர்ந்து நின்றாள்.

"நான் பெயிலானவ சார். நான் தொட்டா உங்க விதிக்கு ஆகாது. நீங்களே உக்காந்து செய்ங்க, நான் பக்கத்துல நின்னு சொல்றேன். முதல்ல ஆன் பண்ணுங்க."

நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்தேன். திரையின் முன்னால் தடவினேன். பின்னால் தடவினேன். மேசைக்கு அடியில் குனிந்தும் பார்த்தேன்.

"சுவிட்ச் எங்கம்மா இருக்கு?"

 அவள் மேசையோரம் தே தாரிக் தேநீர்க் கோப்பைக்கு அடியில் விரித்திருந்த ஒரு லேமினேட் தாளை உருவி, ஈரத்தைத் துடைத்து, என் முன்னால் வைத்தாள். மூலையில் என் கையெழுத்து அழியாமல் இருந்தது.

"இதுல தேடுங்க சார்."