சகலன் வீட்டுச் சுவரில் ஒரு பேராசிரியர்

பொறாமை வயிற்றில் எரியும் என்பார்கள். எனக்குக் கழுத்தில்தான் பிடிக்கும். (அடுத்தவன் வீட்டுச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எங்கே பிடிக்கும்?)

என் மனைவி வசந்தியின் தங்கையைக் கட்டியவன் குகன். லண்டனில் அவன் ஈஸ்ட் ஹாமில், நாங்கள் நோர்பரியில். இந்த நாட்டில் எல்லோரும் பெருமூச்சோடு பெயர் சொல்லும் பழைய பல்கலைக்கழகங்கள் இரண்டு. அவற்றில் ஒன்றில் அவன் மகள் அபிராவுக்கு இடம் கிடைத்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் குகன் அதோடு நிற்காமல் வீட்டு ஹோலில் ஒரு படத்தை மாட்டினான்.

"இருநூறு வருசப் பழசு அண்ணை. செப்புத் தகட்டிலை கீறி அச்சடிச்சு, பிறகு கையாலை கலர் அடிச்சது."

கறுப்பு அங்கி போட்ட பருத்த பேராசிரியர் ஒருவர் கதிரையில் கண்மூடி ஆழ்ந்த சிந்தனையில் இருந்தார். அவர் காலடியில் ஒரு மாணவன் பணிவாகக் குனிந்திருந்தான். வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். என் மகனும் லண்டனில் பல்கலைக்கழகம் போகிறவன்தான். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியதை நானே பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பழைய படத்துக்கு நான் எங்கே போக?

"ஏன் முகம் உப்பிடிக் கிடக்கு?" என்று வசந்தி கேட்டாள்.

"கறி உறைப்பு" என்றேன். (அன்று கேக் மட்டும்தான் தந்தார்கள்.)

அடுத்த சனிக்கிழமையே மியூசியத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் பழைய அச்சுப்படங்கள் விற்கும் கடைக்குப் போனேன். குகனுடையதைவிடப் பழையது ஒன்று வேண்டும். என் போனில் இருந்த அவன் வீட்டுப் படத்தைக் காட்டியதும் கடைக்காரர் சிரித்துவிட்டார். அது கேலிச் சித்திரமாம். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகங்களை இப்படி நக்கலடித்துப் படம் போட்டு விற்பார்களாம். பேராசிரியர் சிந்திக்கவில்லை, குடித்துவிட்டுக் குறட்டை விடுகிறார். மாணவன் பணியவில்லை, அவருடைய அங்கியைக் கதிரைக் காலோடு கட்டுகிறான்.

கடைக்காரரைக் கட்டிப்பிடிக்காததுதான் குறை.

"கேலி இல்லாத, மரியாதையான படம் இருக்கிறதா?" என்று கேட்டேன். விழா ஒன்றின் நினைவாக அச்சிட்ட படங்களை எடுத்து வைத்தார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். "பழையது" என்றேன். இரண்டும் பழையதுதானே என்று அவர் இழுக்க, "பெரிய படம் எதுவோ அது" என்று முடித்துவிட்டேன். கோபுரம், ஊர்வலம், கீழே சுருள் சுருளாக லத்தீன். வாசிக்கத் தெரியுமா என்றார். டொக்டர் மருந்தை விளக்கும்போது தலையாட்டுவேனே, அப்படி ஆட்டினேன்.

அபிராவை வழியனுப்பும் விருந்துக்குச் சொந்தம் முழுக்க வந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் எழுந்து தொண்டையைச் செருமினேன்.

"குகனைப் பிழை சொல்லேலாது. பாவம், தெரியாமல் வாங்கிப்போட்டான். ஆனால் இந்தப் படம் யூனிவர்சிட்டியை நக்கலடிக்கிற படம். உந்த ஆள் வெறியிலை நித்திரை!"

சபை அதிரும் என்று பார்த்தேன். குகன் றோல்ஸைக் கடித்துக்கொண்டே, "ஓம் அண்ணை, தெரியும். அபிதான் தெரிஞ்செடுத்தவள். பகிடியாக் கிடக்கெண்டுதானே வாங்கினனாங்கள்" என்றான்.

எனக்கு மட்டும்தான் தெரியாதாம். என் மகன்கூடத் தலையைக் குனிந்து சிரித்தான்.

பரவாயில்லை, அபிராவுக்கென்று கடையில் வாங்கிய பரிசு கையில் இருக்கிறதே. "இனி இதைக் கழட்டிப்போட்டு, மரியாதையா இதை மாட்டுங்கோ" என்று நீட்டினேன். அபிரா பேப்பரைப் பிரித்தாள். கண்கள் விரிந்தன. கீழே இருந்த லத்தீனை வாசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பெரியப்பா... இது மற்ற யூனிவர்சிட்டி."

"எந்த மற்றது?"

"நான் போகாதது. அவையள்தான் எங்களுக்கு எதிரி."

"இஞ்சேருங்கோ, வாசிச்சுப் பாக்கேல்லையோ?" என்றாள் வசந்தி.

"லத்தீன்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் ஒழுங்காகப் பேசவில்லை. ஒருவர் அடங்க மற்றவர் தொடங்கிச் சிரித்தார்கள். குகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். அந்த நல்ல குணம்தான் எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

அபிரா படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் தேம்ஸ் நதியில் படகுப் போட்டியில் மோதும் நாளில் குடும்பம் முழுக்கக் குகன் வீட்டு டிவி முன்னால் கூடும். சோபா அவர்களுக்கு, எனக்கு மட்டும் எதிர்ப்பக்கம் தனிக் கதிரை. "அண்ணை, உங்கட ஆக்கள் என்னமாதிரி?" என்பான் குகன். முதல் சில வருடங்கள் அசட்டுச் சிரிப்போடு இருந்தேன். போன வருடம் என்னுடைய ஆட்கள் அரைப் படகு நீளம் முந்தியபோது, "விடாதேங்கோடா! இழுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

வென்றோம். குகனின் முகம் வாடியது. அன்றுதான் எனக்குக் கழுத்து வலி போனது.