மூன்றசைவுத் தொட்டி

வீட்டுக் குப்பைத் தொட்டிகளில் விலங்குகள் வாய் வைப்பதைத் தடுக்க வேண்டும் என்று நகர அலுவலகத்துக்கு முதன்முதலில் மனு எழுதியவர் தையல்காரர். அவருக்குக் காரணம் இருந்தது. ஒரு மாப்பிள்ளைக்காக ஒன்பது நாள் குனிந்த தலை நிமிராமல் கோட்டு தைத்து, கடை வாசலில் காற்றாட மாட்டியிருந்தார். மொட்டைவால் என்று தெருவே அழைக்கும் நாய் அவர் வீட்டுத் தொட்டியைச் சாய்த்தது, மீன் தலை ஒன்றை இழுத்து வந்தது, கோட்டுக்கு நேர் கீழே அமர்ந்து நிதானமாகத் தின்றது, தின்ற வாயைக் கோட்டின் ஓரத்திலேயே துடைத்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை வந்தார், முகர்ந்தார், கோட்டை வாங்காமலே போய்விட்டார்.

"மூடி மேல ஒரு கல்லைத் தூக்கி வைங்க, போதும்," என்றாள் தையல்காரர் மனைவி.

"இது ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லம்மா. முறையா எழுதிப் போடணும்."

முறையாக எழுதிப் போட்டார். அலுவலகம் அந்த மனுவைக் கனிவுடன் பரிசீலித்தது. உடனே ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. குழு பதினான்கு மாதம் ஆராய்ந்து, விலங்குகளால் ஒரே சமயத்தில் இரண்டு அசைவுகள்தான் செய்ய முடியும், மூன்றாவதற்கு அவற்றின் அறிவு இடம் தராது என்று கண்டறிந்தது. அதன் பயனாக மூன்றசைவுத் தொட்டி பிறந்தது. மிதியைக் காலால் அழுத்த வேண்டும். அழுத்திய காலை எடுக்காமல் குமிழை இடப்பக்கம் அரைச்சுற்று திருப்ப வேண்டும். திருப்பிய குமிழை விடாமல் மூடியைப் பின்னால் தள்ள வேண்டும். வீட்டுக்கு ஒன்று தந்தார்கள். பழைய தொட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தெருவில் ஒருவராலும் அதைத் திறக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பல் டாக்டர், வாழ்நாளெல்லாம் திறக்க மாட்டேன் என்கிற வாய்களைத் திறந்தவர், இடுக்கி கொண்டு வந்து பார்த்துக் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டார். குப்பைகள் பைகளில் கட்டப்பட்டுத் தொட்டிகளின் பக்கத்தில் வைக்கப்பட்டன. விலங்குகளுக்குச் சாய்க்கிற வேலையும் மிச்சமாயிற்று. குப்பை வண்டிக்காரர் தொட்டியைத் தட்டிப் பார்த்து, 'காலி' என்று எழுதிக்கொண்டு போனார்.

தையல்காரர் சுகாதார ஆய்வாளரைப் போய்ப் பார்த்தார்.

"தொட்டிக்குள்ள ஏதாவது விலங்கு வாய் வச்சுதா?" என்றார் ஆய்வாளர்.

"இல்ல சார்."

"மூடியைத் திறந்துச்சா?"

"எங்களாலயே திறக்க முடியல சார்."

"நான் விலங்கைப் பத்திக் கேட்டேன்."

"அது திறக்கல. பக்கத்துல வச்ச பையைக் கிழிச்சுத் தின்னுது."

"பை வேற பிரிவு. தொட்டிப் பிரிவுல உங்க தெரு நூத்துக்கு நூறு." அவர் எழுந்து கையை நீட்டினார். தையல்காரரும் வேறு வழியில்லாமல் குலுக்கிவிட்டு வந்தார்.

கடையில் டாக்டர் மனைவி காத்திருந்தாள். அவள் வீட்டுத் தொட்டி ஒருநாளும் குப்பையைக் காணாமல் பளபளவென்று இருந்தது. அதை வெயிலில் வைக்க மனம் வராமல் கூடத்துக்குக் கொண்டு போய்விட்டாள். ஜன்னல் திரைக்குப் பொருத்தமாக ஓர் உறை வேண்டுமாம், ஓரத்தில் சுருக்கு வைத்து. தையல்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கை தானாகவே அளவு நாடாவை எடுத்துவிட்டது. அடுத்த வாரத்துக்குள் தெருவில் உறையில்லாத தொட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்து மற்றவர்கள் பரிதாபப்படத் தொடங்கினார்கள். சிலர் குளிருக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று கேட்டார்கள். தையல்காரர் கோட்டு தைப்பதையே விட்டுவிட்டார்.

"குப்பை தெருவுல அம்மணமாக் கிடக்கு. தொட்டி சட்டை போட்டுக்கிட்டுக் கூடத்துல உக்காந்திருக்கு," என்றாள் தையல்காரர் மனைவி.

"எனக்கு என்ன செய்யச் சொல்றே? கேக்கிறாங்க, தைக்கிறேன்."

இதற்குள், தொட்டியில் குறையில்லை, மக்களுக்குத்தான் பயிற்சியில்லை என்று அலுவலகம் கண்டுகொண்டது. பள்ளி மைதானத்தில் மூன்று நாள் முகாம் நடத்தினார்கள். பயிற்றுநர் ஒரு நாளைக்கு நாற்பது முறை தொட்டியைத் திறந்து மூடிக் காட்டினார். தெருவாசிகள் காலையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள், கைப்பேசியைப் பார்த்தார்கள், நைசாக நழுவினார்கள். தையல்காரர் மடியில் ஓர் உறையை வைத்துச் சுருக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளும் முன்வரிசையில் கண் இமைக்காமல் இருந்தது மொட்டைவால் ஒன்றுதான். பயிற்றுநரின் சாப்பாட்டுப் பொட்டலம் அந்தத் தொட்டிக்குள் இருந்தது.

நான்காம் நாள் காலையில் மொட்டைவால் தையல்காரர் வீட்டு வாசலில் இருந்த தொட்டியின் மிதியில் காலை வைத்தது, குமிழைப் பல்லால் கவ்வித் திருப்பியது, மூக்கால் மூடியைத் தள்ளியது. உள்ளே ஒன்றுமில்லை. தையல்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பைகளுக்குப் போனது.

தையல்காரர் ஆய்வாளரைக் கையோடு அழைத்து வந்தார். ரொட்டித் துண்டு ஒன்றைக் காட்டியதும் நாய் மறுபடி திறந்து காட்டியது. தெருவே கூடி நின்றது.

"பாத்தீங்களா சார்? நாயே திறக்குது. தொட்டி சரியில்லைன்னு இப்பவாவது எழுதுங்க."

ஆய்வாளர் பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து விரித்தார். "இந்தத் தொட்டியை எந்த விலங்காலும் திறக்க முடியாதுன்னு அரசாங்க முத்திரையோட இருக்கு. இது திறந்துடுச்சு. அப்ப இது விலங்கு இல்ல."

"சார், நாய் சார் அது."

"பார்வைக்கு. சரி, நீங்க திறங்க."

தையல்காரர் மிதித்தார், திருப்பினார், மூடி முகத்தில் மோதியது. டாக்டர் முயன்றார். டாக்டர் மனைவி முயன்றாள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"அப்ப நாங்கல்லாம் யாரு?" என்றார் டாக்டர்.

"அதை நான் சொல்லக் கூடாது. படிவத்துல இருக்கு."

படிவத்தில் இருந்தது. தொட்டியைத் திறக்க இயலாதோர் விலங்குப் பட்டியலில் சேர்க்கப்படுவர். பட்டியலில் இல்லாதோர் மாதந்தோறும் மூன்று நாள் முகாமுக்கு வர வேண்டும், தெருவைக் கூட்டவும் வேண்டும்.

"நீங்க திறந்து காட்டுங்க சார்," என்றாள் தையல்காரர் மனைவி.

ஆய்வாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். கால் மணி நேரம் போராடினார். இரண்டு பொத்தான்கள் தெறித்தன. பிறகு பேனாவைத் திறந்து, பட்டியலில் முதல் பெயராகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார்.

"முகாமுக்கு நிச்சயமா வர வேண்டாமே?" என்று கேட்டுக்கொண்டு டாக்டர் இரண்டாவதாகப் போட்டார். அப்புறம் தள்ளுமுள்ளு.

தையல்காரர் ஒதுங்கி நின்றார். மனுஷனாகப் பெற்று வளர்த்த அம்மா அப்பா முகம் நினைவுக்கு வந்தது. தைக்க வேண்டிய பதினேழு உறைகளும் நினைவுக்கு வந்தன. போய்ப் போட்டுவிட்டார். 'இனம்' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் திகைத்து, மேலே இருப்பவர் எழுதியதையே எழுதினார்.

"நீயுமா?" என்றார், மனைவி பேனாவை வாங்குவதைப் பார்த்து.

"நீங்க எல்லாரும் போட்டாச்சு. நான் ஒருத்தி மனுஷியா இருந்துக்கிட்டு ஊர்க் குப்பையைக் கூட்டணுமா?"

இரண்டு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. பட்டியலிலுள்ள விலங்குகள் அனைத்துக்கும் செவ்வாய்க்கிழமை வெறிநோய்த் தடுப்பூசி போடப்படும். பட்டியலில் இல்லாத, தெருவின் பொறுப்புள்ள ஒருவர் அவற்றை அழைத்து வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மொட்டைவால் முன்னே நடந்தது. குப்பைப் பைகளைத் தாண்டித் தாண்டி, தெருவே அதன் பின்னால் வரிசையாகப் போனது. தையல்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நல்ல ஊசியாகப் போடுவார்களா என்று முன்னால் போன ஆய்வாளரிடம் விசாரித்தார்.