உபயம்: ஏகப்பன்

காரைக்குடிப் பக்கம் உபயகாரர் என்றொரு இனம் உண்டு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். உபயகாரருக்கோ அது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்தாக வேண்டும். பெயர் பொறிக்க இடமில்லாத பொருளை அவர் கையாலும் தொடமாட்டார்.

ஊரை ஒட்டிய பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் புரவலர் ஏகப்பன் இதில் கலப்பில்லாத சரக்கு. வாசல் வளைவு, கொடிமரம், மேடை, பீரோ, மணியடிக்கும் தண்டவாளத் துண்டு வரை அவர் பெயர்தான். மின்விசிறி இறக்கையிலும் எழுதி வைத்திருக்கிறார், கரண்ட் போனால்தான் படிக்க முடியும், ஆகையால் மின்வெட்டில் அவருக்கு வருத்தமே கிடையாது. இப்படிப்பட்டவரிடம், பொன்விழா மலருக்காகப் பள்ளியின் வரலாற்றை எழுதி எடுத்துக்கொண்டு போனார் தமிழாசிரியை பெல்சி. பாவம்.

கீற்றுக் கொட்டகையில் முப்பத்தொரு பிள்ளைகளோடு பள்ளி தொடங்கியதையும், முதல் தலைமையாசிரியை வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்ததையும் வாசித்தார். ஏகப்பன் பொறுமையாகத்தான் கேட்டார், ஒரு பக்கம் வரைக்கும்.

“நம்ம எங்க டீச்சர் வாரோம்?”

“நாலாம் பக்கத்துல வாரீகய்யா.”

“அதுவரைக்கும் யாரு படிப்பா?”

மூன்று பக்கங்கள் முக்கால் பத்தியாகச் சுருங்கின. கடைசி வரியில் அவர் பேனா நின்றது: ‘நானூறு மாணவியருக்கு இன்றும் இரண்டே கழிப்பறைகள்.’

“இத ஏன் எழுதுனீக?”

“பிள்ளைக பகல் பூரா தண்ணி குடிக்கிறதில்லய்யா. போன வாரம் ஒண்ணு பரீட்சையில மயங்கி விழுந்துருச்சு. நீங்க கட்டித் தந்தீகன்னா…”

“கக்கூஸ்ல எங்க அப்பச்சி வச்ச பேரையா போடுறது?”

“பேரு போடாமலும் கட்டலாம்லய்யா.”

இத்தனை ஆபாசமான யோசனையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வரியை அடித்துவிட்டு இரண்டாவது வளைவுக்கு உத்தரவு போட்டார். ஒரு வாசலுக்கு எதற்கு இரண்டு என்கிறீர்களா? உள்ளே வருகிறவர் ஒன்றைப் படிப்பார். வெளியே போகிறவர் சும்மா போவதா?

பெல்சி அதோடு விடவில்லை. பழைய மாணவிகளுக்குச் சொல்லியனுப்பினார். புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் அழகி முன்னின்று பணம் திரட்டினாள். ஆறு மாதத்தில் எட்டுக் கழிப்பறைகள் எழுந்தன. கல்வெட்டு இல்லை. பிள்ளைகள் தண்ணீர் குடித்தார்கள்.

பொன்விழாவுக்கு வந்த கல்வி அதிகாரி அம்மாள் வளைவுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே கழிப்பறையைப் பார்த்துவிட்டு, மேடையில் அதைத்தான் பாராட்டினார். மறுநாள் காலையில் கொத்தனார் கல்லோடு வந்து நின்றார். ‘புரவலர் ஏகப்பன் தலைமைக் காலத்தில் எழுந்த கட்டடம்.’ என்ன கட்டடம் என்று மட்டும் கல்லில் இல்லை.

“எங்குட்டு பதிக்க டீச்சர்?”

பெல்சி அவரை உள்ளே கூட்டிப்போய், ஒரு கழிப்பறைக் கோப்பைக்கு நேர் மேலே இடம் காட்டினார். கல் பதித்தாயிற்று என்று ஏகப்பனுக்குத் தகவல் போனது. பெண்கள் கழிப்பறை, அவர் ஒருநாளும் போய்ப் பார்க்க முடியாது.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஏதோ ஒரு பள்ளி மலர் கிடக்கும். அது கைக்கு வந்த அன்று முதலில் எந்தப் பக்கத்தைத் தேடினீர்கள்?