மீன்கடைச் சப்பாத்தில் ஒரு மலையேற்றம்

தோழர்களே, சற்றே இங்கு வந்து இந்த அநீதியைப் பாருங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று, நவம்பர் மாதம். வேல்ஸ் மலையடிவாரத்தில் ஒரு சிறு ரயில் நிலையம். ஒரு மலைநடைச் சங்கத்துக்கே போதுமான இடியப்பத்தைச் சுமந்துகொண்டு, முழங்கால்வரை ரப்பர்ச் சப்பாத்தோடு நிற்கிறான் யோகலிங்கம். சங்கத்தைத்தான் காணவில்லை.

லண்டனில், பிளேஸ்டோவில் ஒற்றை அறையில் வாழ்பவன் அவன். ஞாயிறுகளில் அவனோடு பேசுவது வானொலி மட்டுமே. அவன் வேலைசெய்யும் பண்டகசாலையின் மேற்பார்வையாளர் எட்வேட், "எங்கள் மலைநடைச் சங்கத்தோடு ஒருநாள் வாருங்களேன்" என்றார். அழைத்த வீட்டுக்குப் போகாவிட்டால் பகையாகிவிடும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், "கட்டாயம் வருகிறேன்" என்றான். எட்வேட் திகைத்து நின்று, பிறகு ரயில் நேரத்தைச் சொன்னார்.

சப்பாத்துக்காக, ஈஸ்ட் ஹாமில் மீன்கடை வைத்திருக்கும் சபாரத்தினத்திடம் போனான்.

"அண்ணை, பனிமலைக்குப் போறன். சப்பாத்து இருக்கோ?"

"கதிர்காமக் கந்தனிட்ட நாங்கள் வெறுங்காலோட நடந்தனாங்கள். உனக்குச் சப்பாத்து கேக்குதோ? இந்தா, கடைச் சப்பாத்து. பெரிசெண்டால் பேப்பரை அடை."

"மணக்குது அண்ணை."

"மலையில ஆர் வந்து மோந்து பாக்கிறது?"

இப்போது நிலையத்தில் எட்வேட் மட்டும் நின்றார்.

"மற்றவர்கள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான் யோகலிங்கம்.

எட்வேட் மலைப்பாதையின் பக்கம் திரும்பினார். "நடப்போமா?"

யோகலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. கறுத்தவன் ஒருவன் வருகிறான் என்று கேள்விப்பட்டு மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். இனி ஒரு தவறும் நேராமல் நடந்து, தான் தகுதியானவன் என்று காட்டியே தீருவது என உறுதிபூண்டான்.

பனி அந்த உறுதியை மதிக்கவில்லை. சப்பாத்தின் வெடிப்பு வழியே பனிநீர் புகுந்து பேப்பர் கூழானது. கூழைக் களைந்து காலில் பிளாஸ்டிக் பைகளைச் சுற்றினான். பைகள் சப்பாத்துக்குள் வழுக்கின. வழுக்கியவன் எட்வேட்டின் இடுப்பைப் பற்றினான். இருவருமாகச் சறுக்கிச் சேற்றில் அமர்ந்தார்கள். மேலிருந்து இடியப்பப் பொதி உருண்டு வந்து அவிழ்ந்தது.

"முதற்பனி பொல்லாதது," என்றார் எட்வேட். "அடியில் நிலம் இன்னும் உறையவில்லை. கல்லும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது. திரும்பிவிடுவோம்."

திரும்புவதா? மறுபடியும் அந்த அறைக்கா? யோகலிங்கம் சேற்றைவிட்டு எழவில்லை.

"என்னால்தானே உங்கள் சங்கத்தார் வரவில்லை? மறைக்காமல் சொல்லுங்கள்."

எட்வேட் இடியப்பத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டு, ஒன்றை வாயிலிட்டு மென்றார், நெடுநேரம் மென்றார்.

"சங்கத்தார் என்று எவரும் இல்லை. வருடக்கணக்காக எல்லோரையும் அழைக்கிறேன். வந்தவர் நீங்கள் ஒருவர்தான்."

தோழர்களே, உங்களையும் யாரோ ஒருவர் என்றோ அழைத்திருப்பார். நீங்களும் புன்னகைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். எழுந்திருங்கள். இன்றே போய் அவர் கதவைத் தட்டுங்கள்.