நொய்யல் கடலும் தெய்வாத்தாள் தீவும்

திருப்பூரில் கடல் இல்லை. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் பாதி நாள் ரயிலில் உட்கார்ந்தால்தான் கடலைப் பார்க்கலாம். ஆனாலும் எங்கள் ஊரில் 'தீவுக் கரை, கடல் மற்றும் நிலப் பாதுகாப்புச் சங்கம்' என்று ஒன்று இருந்தது. அதைத் தொடங்கியவர் சலவைப் பட்டறை முதலாளி ஈஸ்வரமூர்த்தி.

பனியன் துணியைப் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு வெளுத்துக் கொடுப்பது அவர் தொழில். அறுபதுகளின் கடைசியில் அந்தத் தொழிலில் நல்ல காசு. காசு வந்தவருக்கு அடுத்தபடியாக மேடையில் ஒரு நாற்காலி வேண்டும். நாற்காலிக்கு ஒரு சங்கம் வேண்டும். அந்த நாளில் டெரிலின் சட்டை போட்டவனெல்லாம் ஏதாவது ஒரு சங்கத்துக்குத் தலைவன். பசுப் பாதுகாப்புக்கு ஆள் இருந்தது. மதுவிலக்குக்கும் ஆள் இருந்தது, அவர் குடிப்பவர் என்றாலும். கோயில் கமிட்டிக்கு அடிதடி. பனியன் விற்கப் பம்பாய் போன ஈஸ்வரமூர்த்தி, அங்கே ஓட்டலில் பெரிய மனிதர்கள் தீவுகளைப் பாதுகாப்பது பற்றிப் பேசக் கேட்டார். திருப்பூரில் அந்த இடம் காலியாக இருந்தது.

எனக்கு அவர் மேல் வருத்தம் உண்டு. சங்கத் திறப்பு விழாவுக்கு ஊரையே கூப்பிட்டவர், என்னிடம் பெஞ்சு மட்டும் இரவல் கேட்டு அனுப்பினார். பெஞ்சு போனது, நான் போகவில்லை. பெஞ்சு ஒரு கால் இல்லாமல் திரும்பி வந்தது. அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதனாலும் சொல்கிறேன்.

சங்கம் நன்றாகவே நடந்தது. செயலாளர் கிட்டுசாமி, தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு தரம் பட்டறை மாடியில் கூடுவார்கள். அலைகளின் அத்துமீறலை வன்மையாகக் கண்டித்துத் தீர்மானம் போடுவார்கள். போண்டா சாப்பிடுவார்கள். அந்த வருடம் எந்தத் தீவும் மூழ்கவில்லை. அதைச் சங்கத்தின் சாதனை என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள்.

பிறகு சென்னையிலிருந்து தாக்கீது வந்தது. சங்கம் பாதுகாக்கும் தீவை அதிகாரி ஒருவர் நேரில் பார்வையிடுவார். தீவு இல்லையென்றால் பதிவு ரத்து. பதிவு போனால் நாற்காலியும் போகும்.

ஈஸ்வரமூர்த்தி தீவுக்கு அலைந்துகொண்டிருந்த அந்த வாரம்தான் தெய்வாத்தாள் பட்டறைக்கு வந்தாள்.

தெய்வாத்தாள் புருசனை இழந்தவள். நொய்யல் ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டு, அவள் மாமனார் காலத்துப் பட்டா நிலம். அதில் குடிசை போட்டு, சோளத்தட்டு விளைவித்து, எருமை வளர்த்து, வெண்ணெய் எடுத்து ஊத்துக்குளி வியாபாரிக்குப் போடுவாள். அவளுக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

"ஏனுங்க தம்பி, உங்க பட்டறைத் தண்ணியக் கொஞ்சம் வேற பக்கம் திருப்பி உடுங்க. தட்டெல்லாம் கருகிப் போச்சுங்க. எருமை வாய வெச்சுட்டு வெடுக்குனு எடுத்துக்குதுங்க."

ஈஸ்வரமூர்த்தி வேறு ஒன்றைக் கேட்டார். "அக்கா, உங்க திட்டச் சுத்தியும் தண்ணிங்களா?"

"முன்னெல்லாம் மழைக்கு மட்டுந்தானுங்க. கோடையில மணல்லயே நடந்து போயிருவனுங்க. இப்பத்தான் உங்க பட்டறைத் தண்ணி வருசம் பூரா ஓடுதே. சுத்தியும் அதுதானுங்க."

ஈஸ்வரமூர்த்தி செயலாளரைப் பார்த்தார். கிட்டுசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாலுகா ஆபீசில் அவர் அப்படித் துடைத்தால் யாருடைய நிலமோ போகப் போகிறது என்று அர்த்தம்.

"நாலு பக்கமும் தண்ணி இருந்தா அது தீவுங்க," என்றார் கிட்டுசாமி. "நீங்க இத்தன நாளா தீவுல குடியிருந்திருக்கறீங்க. ஆருகிட்டயும் சொல்லாம இருந்துட்டீங்க."

"சரிங்க, தீவுன்னே வெச்சுக்குங்க. தண்ணிய நிறுத்துவீங்களா?"

"எப்படிங்க நிறுத்தறது?" ஈஸ்வரமூர்த்தி மெய்யாகவே வருத்தப்பட்டார். "நிறுத்துனா கோடையில மணல் தெரியும். மணல் தெரிஞ்சா தீவு அழிஞ்சு போயிரும். தீவை அழிக்கறதுக்கா நான் சங்கம் வெச்சு நடத்தறேன்?"

தெய்வாத்தாள் கையில் ஒரு போண்டாவைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அதிகாரி வந்தார். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத பேண்ட், பின்னால் ஒரு பியூன். ஆற்றங்கரையில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பட்டறை வாய்க்காலிலிருந்து வந்த நுரை முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது.

"தீவு சரி," என்றார் அதிகாரி. "சங்கத்துப் பேர்ல கடல்னு போட்டிருக்கே. கடல் எங்கே?"

"இதுதானுங்க," என்றார் கிட்டுசாமி.

"இது ஆறு இல்லையா?"

"ஆறாத்தானுங்க இருந்துது. இப்ப நுரையப் பாருங்க. ஒரு வாய் ருசி பாருங்க."

அரசாங்க அதிகாரி தானாக ருசி பார்க்க விதியில் இடமில்லை. பியூனைப் பார்க்கச் சொன்னார். பியூன் ஒரு கை அள்ளி வாயில் விட்டு, துப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்புங்கய்யா," என்றான். சாயங்காலம் வரை அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை.

"மீன் உண்டா?"

"நேத்துத்தானுங்க எல்லாம் செத்து மெதந்துது. இல்லாத மீன் எப்படிங்க சாகும்?"

அதிகாரி எழுதிக்கொண்டார். அப்புறம் எருமைகள் அவர் கண்ணில் பட்டன.

"கடற்கரையில இதுங்களுக்கு என்ன வேலை?"

"என்னுதுங்க சாமி. மேயுதுங்க," என்றாள் தெய்வாத்தாள்.

"குளம்பு பட்டா கரை அரிச்சுப் போகும். தண்ணியிலிருந்து முப்பது அடி கடற்கரை. அதுல கால்நடை, பயிர், குடிசை எதுவும் கூடாது."

"பட்டா எம்பேர்ல இருக்குதுங்களே."

"நிலம் உங்களுதுதாம்மா. அதை யாரும் தொட மாட்டாங்க. கரை மட்டும்தான் சங்கத்தோட பொறுப்பு."

அளந்தார்கள். திட்டு நீளமானது, ஆனால் ஒடுக்கமானது. வடக்குக் கரையிலிருந்து இழுத்த சங்கிலியும் தெற்குக் கரையிலிருந்து இழுத்த சங்கிலியும் குடிசைக்குள்ளே அவள் அடுப்பின் மேல் முட்டிக்கொண்டன. கரை போக நிலம் மிச்சமில்லை. மிச்சமில்லாத அந்த நிலம் முழுவதும் தெய்வாத்தாளுக்கே சொந்தம் என்று அதிகாரி ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தார்.

அவள் என்னிடம் வந்தாள். "உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுங்களே. நீங்களாச்சும் ஒரு வார்த்தை கேளுங்க."

போய்க் கேட்டேன். "ஏனுங்க, ஒரு பொம்பளை பொழப்புல இப்படிக் கை வெக்கலாமுங்களா?"

"நீங்க அந்தப் பெஞ்சுக் கால மனசுல வெச்சுட்டுப் பேசறீங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நியாயம் அத்தோடு முடிந்தது.

தெய்வாத்தாள் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஊத்துக்குளிப் பக்கம் அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அங்கே கிணற்றில் நல்ல தண்ணீர், எருமைகளுக்கும் அது போதும் என்றாள். திட்டில் தலைவர் பெயரைப் பெரிதாகவும் கடலின் பெயரைச் சிறிதாகவும் வெட்டி ஒரு கல் நட்டார்கள்.

அதன் பிறகு மற்ற பட்டறைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஈஸ்வரமூர்த்தி ஒருவர் மட்டும் கடலுக்குத் தண்ணீர் விட்டுப் பெயர் வாங்குவதா என்று ஆளாளுக்குத் தங்கள் வாய்க்காலையும் ஆற்றுக்குத் திருப்பினார்கள். திருப்பியவர்களுக்கெல்லாம் சங்கத்தில் மாலை. கடல் பெருகியது. கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்பாகின. பருப்பு வேகவில்லை. பெண்கள் குடங்களோடு பட்டறை வாசலுக்கு வந்தார்கள்.

"கடலோரத்துல கெணறு உப்பாத்தானுங்க இருக்கும்," என்றார் கிட்டுசாமி. "ராமேஸ்வரம் போய்ப் பாருங்க."

"அங்க கடல் தானா வந்ததுங்க," என்றாள் சென்னம்மாள், முன்னால் நின்றவள்.

"நமக்குத் தலைவர் கொண்டாந்து குடுத்திருக்கறாரு. எந்த ஊருக்குங்க இந்தக் குடுப்பினை?"

யோசித்துப் பார்த்தார்கள். சரி என்றுதான் பட்டது. அடுத்த வாரம் பெருமாநல்லூரில் ஒரு கல்யாணத்தில் அதே சென்னம்மாள் சம்பந்திக்காரர்களிடம், "எங்களுது கடலோரமுங்க, காத்து நல்லா வரும்," என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஆடி அமாவாசை வந்தது. செத்தவர்களுக்காகக் கடலில் முழுக ராமேஸ்வரம் வரை போய்க்கொண்டிருந்த ஜனம், அந்த வருடம் வீட்டிலிருந்து துண்டோடு நடந்தே வந்தது. முழுகி எழுந்தவர்களின் வேட்டி பளிச்சென்று வெளுத்திருந்தது. பாவம் போனதற்கு அடையாளம் என்றார் ஐயர். உடம்பு அரித்தது. அது போகிற பாவத்தின் எரிச்சல் என்றார்.

கரையில் மேடை. மந்திரி நடுவில், ஈஸ்வரமூர்த்தி பக்கத்தில். தீவைத் தியாகம் செய்த தாய் என்று தெய்வாத்தாளைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊத்துக்குளிக்கு அவளுக்காக ஒரு வண்டி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா," என்று மைக்கைத் தள்ளினார் கிட்டுசாமி.

"பேச ஒண்ணுமில்லீங்க. நாக்கு வறண்டு போச்சு. ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

மைக்கில் கேட்டது. கூட்டத்தில் ஒருவரும் எழவில்லை. எழுந்து எந்த வீட்டுக்குப் போவது? சோடாக் கடையை அடைத்துப் பல நாளாகியிருந்தது. தண்ணீர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மந்திரிக்கும் தாகம் எடுத்துவிட்டது. அவசரமாக ஜீப்பை ஊத்துக்குளிக்கு விரட்டினார்கள், தெய்வாத்தாளின் அண்ணன் கிணற்றுக்கு. ஜீப் வரும் வரை மந்திரி வறண்ட தொண்டையோடு கடலின் வளம் பற்றிப் பேசினார்.

பால் கேனில் தண்ணீர் வந்தது. தெய்வாத்தாள் ஒரு சொம்பு வாங்கி நிதானமாகக் குடித்தாள். பொன்னாடையால் வாயைத் துடைத்து அதை நாற்காலியில் போட்டுவிட்டு, வந்த வழியே நடந்தாள். அவள் முதுகு மறைவதற்குள் கேனைச் சுற்றி அடிதடி. மந்திரி குடித்தார். ஐயர் குடித்தார். நானும் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். பானகம் மாதிரி இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி கடைசியாகக் குடித்தார். உதட்டை நக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"இத்தன நல்ல தண்ணி, பாதுகாக்க ஆளே இல்லாம அங்க அனாதையாக் கெடக்குதுங்க. அந்தக் கெணத்தையும் இன்னைக்கே நம்ம சங்கத்துப் பாதுகாப்புல எடுத்துக்கலாமுங்களா?"

சம்மதம் என்பவர்கள் கை தூக்க வேண்டும் என்றார் கிட்டுசாமி. டம்ளரைக் கீழே வைத்தால் அடுத்தவன் எடுத்துக்கொள்வான் என்று எல்லோரும் டம்ளரோடேயே தூக்கினோம்.